சர்வர் சாஃப்ட்வேரை எந்த டைரக்டரியில் இறக்குவது?

புது லினக்ஸ் மெஷின் கைக்கு வந்துவிட்டது, ரூட் பாஸ்வேர்டும் இருக்கிறது, டவுன்லோட் செய்த டார்பால் (சுருக்கிக் கட்டிய கோப்புப் பொட்டலம்) /ரூட் டைரக்டரியிலேயே கிடக்கிறது. அங்கேயே பிரித்து அங்கேயே ஓட்டிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். ஓட்டினால் ஓடவும் செய்யும். தலைவலி அன்றைக்கு வராது. ஆறு மாதம் கழித்து செக்யூரிட்டி அப்டேட் ஒன்று வந்து, பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டிய ராத்திரியில், எது புரோகிராம், எது நம் டேட்டா, எந்த கான்ஃபிக் கோப்பில் நாம் கை வைத்தோம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்கும்போதுதான் வரும்.

எங்கே வைப்பது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதை யார் அப்டேட் செய்யப்போகிறார்கள்? டிஸ்ட்ரோவின் (டெபியன், உபுன்டு போன்ற லினக்ஸ் தொகுப்பின்) பேக்கேஜ் மேனேஜரா, நீங்களா, அதை விற்ற கம்பெனியின் இன்ஸ்டாலரா? இதற்குப் பதில் தெரிந்தால் முக்கால்வாசி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மீதிக் கால்வாசிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு. பாதைகளையும் கட்டளைகளையும் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். /யுஎஸ்ஆர், /ஈடிசி, /வார் என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும், டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாலாகப் பிரியுங்கள்

சர்வர் சாஃப்ட்வேர் என்று ஒரே பொருளாகப் பேசினாலும் உள்ளே நாலு சமாசாரம் இருக்கிறது. ஓடுகிற புரோகிராமும் அதன் லைப்ரரிகளும் ஒன்று. இதைத் தொலைத்தாலும் மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளலாம். கான்ஃபிக் இரண்டாவது, அளவில் சின்னது, ஆனால் திரும்ப எழுத நாள் பிடிக்கும். மூன்றாவது டேட்டா, போனால் போனதுதான். நாலாவது லாக், போனாலும் பெரிதாக அழமாட்டோம், ஆனால் கவனிக்காமல் விட்டால் டிஸ்க்கையே விழுங்கிவிடும். அப்டேட் வரும்போது முதலாவது மட்டும் மாறவேண்டும், மற்ற மூன்றும் அசையக்கூடாது. பேக்கப் எடுக்கும்போது இதற்கு நேர் எதிர்: முதலாவதை எடுக்கவே வேண்டாம், இரண்டாவதும் மூன்றாவதும் கட்டாயம் வேண்டும். இப்படி வாழ்க்கை வேறு வேறாக இருக்கிற நாலையும் ஒரே டைரக்டரிக்குள் அடைத்தால் எப்போதாவது ஒருநாள் ஒன்றை எடுக்கப்போய் இன்னொன்றும் கூடவே போகும்.

எனக்குப் போயிருக்கிறது. ஒரு விக்கி சாஃப்ட்வேரை டார்பாலிலிருந்து பிரித்து /ஆப்ட் கீழே பதிப்பு எண்ணோடு வைத்திருந்தேன். அது தன் டேட்டாவை அதே டைரக்டரிக்குள் டேட்டா என்ற சப்-டைரக்டரியில்தான் எழுதும், நானும் அதை மாற்றவில்லை. இரண்டு முறை அப்கிரேடு செய்தபோது அந்த டேட்டா டைரக்டரிக்குப் புதுப் பதிப்பிலிருந்து ஒரு சிம்லிங்க் (வேறு இடத்தைக் காட்டும் குறுக்குவழி) போட்டுக்கொண்டே போனேன். அப்புறம் ஒருநாள் டிஸ்க்கில் இடம் குறைந்தபோது, பழைய பதிப்புதானே, யாருக்கு வேண்டும் என்று முதல் டைரக்டரியை அழித்தேன். சிம்லிங்க் காற்றில் தொங்கியது. முந்தைய நாள் பேக்கப் இருந்ததால் ஒருநாள் எழுத்தோடு தப்பினோம். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

பல சாஃப்ட்வேர்களில் இந்தப் பிரிவினைக்கு வழி வைத்திருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை. ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் டாம்கேட் சர்வர் நல்ல உதாரணம். டார்பாலைப் பிரித்தால் பின், கான்ஃப், லாக்ஸ், வெப்ஆப்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் விழும். ஆனால் கேட்டலினா ஹோம், கேட்டலினா பேஸ் என்று இரண்டு சூழல் மாறிகள் அதற்கு உண்டு. முதலாவது புரோகிராம் இருக்கும் இடத்தையும் இரண்டாவது உங்கள் கான்ஃபிக், லாக், அப்ளிகேஷன்கள் இருக்கும் இடத்தையும் காட்டும். இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டால் அப்கிரேடு என்பது முதலாவதை மட்டும் மாற்றுகிற வேலை. எந்த சாஃப்ட்வேரை எடுத்தாலும் இன்ஸ்டால் செய்வதற்கு முன் அதன் டாக்குமென்டேஷனில் டேட்டா டைரக்டரியை மாற்றும் வழி என்ன என்று மட்டுமாவது தேடிவிடுங்கள்.

பேக்கேஜாகக் கிடைத்தால் பேக்கேஜாகவே போடுங்கள்

டிஸ்ட்ரோவில் இருக்கிறது, பதிப்பும் உங்களுக்குப் போதும் என்றால் இடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பேக்கேஜைச் செய்தவர்கள் ஏற்கனவே யோசித்துவிட்டார்கள். டெபியனில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 15ஆம் பதிப்பைப் போட்டால் புரோகிராம்கள் /யுஎஸ்ஆர்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/15 கீழே போகும், கான்ஃபிக் /ஈடிசி/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/15/மெயின், டேட்டா /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/15/மெயின். மூன்று பாதையிலும் பதிப்பு எண் இருப்பதைக் கவனியுங்கள். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே மெஷினில் அருகருகே இருந்து டேட்டாவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அப்படி. இதே பாணியை நாம் கையால் இன்ஸ்டால் செய்யும்போதும் காப்பியடிக்கலாம்.

பேக்கேஜ் மேனேஜரின் எல்லைக்குள் நீங்கள் கை வைக்காதீர்கள், இது மட்டும் கண்டிப்பு. /யுஎஸ்ஆர்/பின், /யுஎஸ்ஆர்/லிப், /யுஎஸ்ஆர்/ஷேர் எல்லாம் அதன் வீடு. சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும்போது ப்ரிஃபிக்ஸ் (எந்த டைரக்டரியின் கீழே போடவேண்டும் என்பது) என்ற இடத்தில் /யுஎஸ்ஆர் என்று கொடுத்து மேக் இன்ஸ்டால் அடித்தால், டிஸ்ட்ரோ போட்ட கோப்பின்மேலேயே உங்கள் கோப்பு உட்கார்ந்துவிடும். பேக்கேஜ் மேனேஜருக்கு இது தெரியாது. அடுத்த அப்டேட்டில் அது தன் கோப்பை மறுபடி எழுதும், பாதி லைப்ரரி உங்களுடையது, பாதி அதனுடையது என்று ஆகும், பிழைச் செய்தியைப் படித்தாலும் ஒன்றும் புரியாது. ஒரு கோப்பு யாருடையது என்று சந்தேகம் வந்தால் டெபியன் வகைகளில் டிபிகேஜியிடமும், ரெட் ஹேட் வகைகளில் ஆர்பிஎம்மிடமும், ஃப்ரீபிஎஸ்டியில் பிகேஜி விச் கட்டளையிலும் கேட்டால் சொல்லிவிடும். யாருக்கும் சொந்தமில்லை என்று பதில் வந்தால், யாரோ கையால் போட்டிருக்கிறார்கள்.

சும்மா ஒரு பக்கக் கதை. /யுஎஸ்ஆர் என்ற பெயருக்குப் பின்னால் பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. 1970களின் தொடக்கத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை எழுதிக்கொண்டிருந்த பிடிபி-11 மெஷினில் முதல் டிஸ்க் நிரம்பிவிட்டது. பயனர்களின் ஹோம் டைரக்டரிகள் இருந்த இரண்டாவது டிஸ்க்குக்குப் புரோகிராம்கள் வழிந்தன, அந்த டிஸ்க் மவுன்ட் ஆகியிருந்த (இணைக்கப்பட்டிருந்த) இடம்தான் /யுஎஸ்ஆர். இப்படி இடப்பற்றாக்குறையில் பிறந்த பிரிவினையை 40 வருஷம் சுமந்துவிட்டு, 2012இல் ஃபெடோரா 17 தன் /பின் டைரக்டரியை /யுஎஸ்ஆர்/பின் உள்ளேயே சேர்த்துவிட்டது. டெபியனும் 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் அதையே கட்டாயமாக்கியது. ஆகவே, பழைய ஸ்கிரிப்டில் /பின் என்றும் புதியதில் /யுஎஸ்ஆர்/பின் என்றும் பார்த்தால் குழம்பவேண்டாம், இந்த டிஸ்ட்ரோக்களில் இரண்டும் இப்போது ஒன்றே.

/யுஎஸ்ஆர்/லோக்கலா, /ஆப்ட்டா?

சண்டையே இங்கேதான். லினக்ஸ் உலகத்தில் இதற்கென்று ஒரு ஆவணம் இருக்கிறது, எஃப்எச்எஸ் (ஃபைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்ட்) என்பார்கள். 1994 பிப்ரவரியில் வேறு பெயரில் தொடங்கியது, 3.0 பதிப்பு 2015இல் வந்தது. அதன்படி /யுஎஸ்ஆர்/லோக்கல் என்பது அந்த மெஷினின் அட்மின் தானாக இன்ஸ்டால் செய்பவற்றுக்கு, சிஸ்டம் அப்டேட் ஆகும்போது அங்கே எதுவும் மேலெழுதப்படக் கூடாது. /ஆப்ட் என்பது கூடுதலாகச் சேர்க்கப்படும் முழுப் பொட்டலங்களுக்கு, ஒவ்வொன்றும் தன் பெயரில் ஒரு டைரக்டரி. படித்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வேறுபாடு வடிவத்தில்தான் இருக்கிறது.

/யுஎஸ்ஆர்/லோக்கல் ஒரு பொது மண்டபம் மாதிரி. உள்ளே பின், லிப், ஈடிசி, ஷேர் என்று இருக்கும், யார் வந்தாலும் அதில் கலந்து உட்காரவேண்டும். ஒரு கட்டளையும் அதன் மேன் பக்கமும் மட்டும் உள்ள சின்னக் கருவிக்கு இது அருமையான இடம், ஏனென்றால் கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் இது ஏற்கனவே இருக்கும், பெரும்பாலும் /யுஎஸ்ஆர்/பின்னுக்கு முன்னாலேயே. அதே காரணத்தால் ஆபத்தும் உண்டு. டிஸ்ட்ரோவில் உள்ள ஒரு கட்டளையின் பெயரிலேயே இங்கே ஒன்றை வைத்தால், மற்ற ஸ்கிரிப்டுகள் எல்லாம் சத்தமில்லாமல் உங்களுடையதை எடுத்துக்கொள்ளும். வேண்டும் என்று செய்தால் வசதி, தெரியாமல் செய்தால் வினை.

ஆனால், 200 கோப்புகளோடு வரும் சர்வர் ஒன்றை அந்த மண்டபத்தில் கலக்கவிட்டால், பிறகு எடுப்பது எப்படி? மேக் அன்இன்ஸ்டால் எல்லா சாஃப்ட்வேரிலும் இருக்காது, இருந்தாலும் கம்பைல் செய்த அந்த சோர்ஸ் டைரக்டரியை நீங்கள் அப்போதே அழித்திருப்பீர்கள். இதனால்தான் பெரிய சர்வர்கள் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும்போதே தமக்கென்று தனி அறை கேட்கின்றன. வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் எதுவும் சொல்லாவிட்டால் /யுஎஸ்ஆர்/லோக்கல்/என்ஜின்எக்ஸ் போகும், அப்பாச்சி /யுஎஸ்ஆர்/லோக்கல்/அப்பாச்சி2, போஸ்ட்கிரெஸ் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பிஜிஎஸ்கியூஎல். அந்த வழக்கத்தை அப்படியே விட்டுவிட்டாலும் தப்பில்லை. எல்லாவற்றையும் மண்டபத்திலேயே வைக்கவேண்டும், ஆனால் எடுக்கவும் முடியவேண்டும் என்றால் ஜிஎன்யூ ஸ்டோ என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஸ்டோ கீழே தனித்தனி டைரக்டரியில் வைத்து, பின், லிப் ஆகியவற்றுக்கு சிம்லிங்க் மட்டும் போடும். வேண்டாம் என்றால் ஒரே கட்டளையில் சிம்லிங்குகளை எடுத்துவிடும்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன்: ஒற்றைக் கட்டளையாக இருப்பது /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின், பின்னணியில் ஓடும் சர்வர் எதுவானாலும் /ஆப்ட். /ஆப்ட் கீழே சாஃப்ட்வேரின் பெயர், அதன் கீழே பதிப்பு எண்ணோடு டைரக்டரிகள், பக்கத்தில் கரன்ட் என்ற பெயரில் ஒரு சிம்லிங்க். சர்வீஸ் கோப்பிலும் ஸ்கிரிப்டுகளிலும் எப்போதும் கரன்ட் பாதையைத்தான் எழுதுவேன். புதுப் பதிப்பு வந்தால் பக்கத்தில் பிரித்து வைத்து, சிம்லிங்கைத் திருப்பி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. சரியில்லை என்றால் சிம்லிங்கைப் பழையபடி திருப்பினால் போதும், இரண்டு நிமிஷ வேலை. டேட்டாவின் அமைப்பையே மாற்றிவிடும் அப்கிரேடுகளில் இந்த ஜம்பம் பலிக்காது, அதற்கு முன் பேக்கப் எடுத்தே ஆகவேண்டும்.

எஃப்எச்எஸ்ஸை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் /ஆப்ட்டில் உள்ளதன் கான்ஃபிக் /ஈடிசி/ஆப்ட் கீழேயும் மாறுகிற டேட்டா /வார்/ஆப்ட் கீழேயும் போகவேண்டும். நான் பார்த்தவரை இதை முழுசாகப் பின்பற்றுகிறவர்கள் குறைவு, நானும் இல்லை. /ஈடிசி கீழே சாஃப்ட்வேரின் பெயரில் ஒரு டைரக்டரி, /வார்/லிப் கீழே அதே பெயரில் ஒன்று, /வார்/லாக் கீழே ஒன்று. புதிதாக வருகிறவர் முதலில் தேடுகிற இடங்கள் இவைதான். இதைவிட அதுதான் சரி என்று நீங்கள் நினைத்தால் தாராளமாக /வார்/ஆப்ட் வையுங்கள், ஆனால் எல்லா மெஷினிலும் அதையே வையுங்கள். ஒரு மெஷினில் இங்கே, இன்னொன்றில் அங்கே என்பது இரண்டையும்விட மோசம்.

கம்பைல் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் ப்ரிஃபிக்ஸ் பல சாஃப்ட்வேர்களில் பைனரிக்குள்ளேயே பதிந்துவிடும், கான்ஃபிக்கை எங்கே தேடவேண்டும், மாட்யூல் எங்கே என்பதெல்லாம் அதை வைத்துத்தான். ஆகவே, ஒரு இடத்துக்காகக் கம்பைல் செய்ததை அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைத்தால் வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். பைதானின் வெர்ச்சுவல் என்விரான்மென்டும் இதே ரகம், அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் முழுப் பாதை எழுதியிருக்கும். நகர்த்துவதைவிட புது இடத்தில் மறுபடி உருவாக்குவது சுலபம். எந்தக் கோப்பு எங்கே போகும் என்று முன்கூட்டியே பார்க்க ஆசைப்பட்டால், மேக் இன்ஸ்டாலின்போது டெஸ்ட்டிர் என்ற மாறியில் ஒரு காலி டைரக்டரியைக் கொடுங்கள். எல்லாம் அதற்குள் போய் விழும், நிதானமாகப் பார்த்துவிட்டு அப்புறம் உண்மையாக இன்ஸ்டால் செய்யலாம்.

ரெட் ஹேட் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு பொறிகள். /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அங்கே லைப்ரரிகளைத் தேடி இணைக்கும் டைனமிக் லிங்கர் தேடும் பட்டியலில் தானாக இருக்காது, /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி கீழே ஒரு கோப்பில் சேர்த்து எல்டிகான்ஃபிக் ஓட்டவேண்டும். டெபியனில் முன்பே சேர்த்திருப்பார்கள், அதனால் அங்கே சோதித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, ஆர்எச்இஎல் 7, 8 போன்ற பதிப்புகளில் சூடோ (ரூட் உரிமையோடு கட்டளை ஓட்டுவது) கட்டளைகளைத் தேடும் செக்யூர் பாத் பட்டியலில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் இல்லை. சாதாரண யூசராக அடித்தால் ஓடும் கட்டளை, சூடோ போட்டால் காணவில்லை என்று சொல்லும்.

/ஹோம், /ரூட், /டிஎம்பி, /எஸ்ஆர்வி

/ரூட் கீழே எதையும் வைக்காதீர்கள். அந்த டைரக்டரிக்குள் ரூட் தவிர யாரும் நுழைய முடியாது, ஆகவே அங்கிருந்து சர்வரை ஓட்டவேண்டுமென்றால் ரூட்டாகவே ஓட்டவேண்டிவரும், அல்லது பெர்மிஷனைத் தளர்த்தவேண்டிவரும். இரண்டுமே நல்லதில்லை.

/ஹோம் கொஞ்சம் கவர்ச்சியானது, ஏனென்றால் பல மெஷின்களில் பெரிய பார்ட்டிஷன் அதுதான். டெவலப்மென்ட் மெஷினில் பரவாயில்லை. புரொடக்‌ஷனில் வைத்தால் மூன்று பக்கமும் இடிக்கும். உபுன்டு 21.04 முதல் புது யூசரின் ஹோம் டைரக்டரி 750 பெர்மிஷனோடு (ஓனரும் அவர் க்ரூப்பும் தவிர யாரும் நுழைய முடியாது) உருவாகிறது, அதனால் உள்ளே இருக்கும் வெப்சைட்டை என்ஜின்எக்ஸ் படிக்க முடியாமல் 403 (அனுமதி இல்லை) காட்டும். சர்வீஸ்களைக் கிளப்பி நிறுத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்புகளில் ப்ரொடெக்ட்ஹோம் என்ற வரி இருந்தால் அந்த சர்வீஸின் கண்ணுக்கு /ஹோம் என்பதே தெரியாது. மரியாடிபி டேட்டாபேஸின் சர்வீஸ் கோப்பில் அது இருக்கிறது, டேட்டாவை /ஹோம் கீழே நகர்த்திவிட்டு பெர்மிஷன் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் காரணம். மூன்றாவது மனித சமாசாரம்: அந்த யூசர் வேலையை விட்டுப்போவார், கணக்கை அழிப்பார்கள், ஹோம் டைரக்டரியும் சேர்ந்து போகும்.

/டிஎம்பி பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனாலும் பார்த்திருக்கிறேன். ரீபூட் ஆனால் காலியாகலாம், சிஸ்டம்டி உள்ள பல டிஸ்ட்ரோக்களில் 10 நாள் தொடாத கோப்புகள் தானாகவே துடைக்கப்படும்.

/எஸ்ஆர்வி என்பது இந்த மெஷின் வெளியே பரிமாறும் டேட்டாவுக்கு: வெப்சைட் கோப்புகள், எஃப்டிபி, கிட் ரெப்போக்கள். யோசனை நல்லது, ஏனென்றால் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ கீழே டிஸ்ட்ரோவும் தன் சொந்தக் கோப்புகளைப் போடும், /எஸ்ஆர்வி முழுக்க முழுக்க உங்களுடையது. புரோகிராமை அங்கே வைக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் வைத்தால் பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதுவது எளிதாகிவிடும்.

இடத்தை முடிவு செய்வதற்கு முன் டிஸ்க்கைப் பாருங்கள்

பெயர்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அந்தப் பெயருக்குக் கீழே எந்த டிஸ்க் இருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் பிரயோஜனமில்லை. டிஎஃப் கட்டளை அளவைச் சொல்லும், ஃபைண்ட்மவுன்ட் எப்படி மவுன்ட் ஆகியிருக்கிறது என்று சொல்லும். கவனிக்கவேண்டியவை நோஎக்ஸெக், நோசூயிட் என்ற இரண்டு மவுன்ட் ஆப்ஷன்களும். கட்டுப்பாடு அதிகமுள்ள மெஷின்களில் /வார், /ஹோம், /டிஎம்பி ஆகியவற்றில் இவை போட்டிருப்பார்கள். நோஎக்ஸெக் இருந்தால் அங்கிருந்து பைனரியை நேரடியாக ஓட்ட முடியாது. நோசூயிட் இன்னும் நைசாகக் கழுத்தறுக்கும்: ரூட் இல்லாமல் 80, 443 போர்ட்டுகளைத் திறப்பதற்காக பைனரிக்கு செட்கேப் மூலம் கேபபிலிட்டி (ரூட்டின் உரிமைகளில் ஒரு துண்டு) கொடுத்திருப்பீர்கள், அந்த மவுன்டில் அது செல்லாது. செட்கேப் பற்றி இன்னொன்று, அது கோப்போடு ஒட்டியது. பைனரியை மாற்றிப் புதியதை வைத்தால் போய்விடும், ஒவ்வொரு அப்கிரேடிலும் மறுபடி கொடுக்கவேண்டும். சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பிலேயே ஆம்பியன்ட் கேபபிலிட்டி என்று கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

லாக் எழுதும் இடமும் டேட்டாபேஸ் எழுதும் இடமும் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால், ஏதோ ஒரு பிழை திரும்பத் திரும்ப லாக்கை நிரப்பும் நாளில் டேட்டாபேஸும் சேர்ந்து நிற்கும். முடிந்தால் பிரியுங்கள், முடியாவிட்டால் பழைய லாக்கைச் சுழற்றி அழிக்கும் லாக்ரொட்டேட்டையாவது ஒழுங்காக வையுங்கள்.

யாருக்கு எழுதும் உரிமை?

இடம் சரியாக இருந்து ஓனர்ஷிப் தப்பாக இருந்தால் பாதி வேலைதான் முடிந்தது. புரோகிராம் டைரக்டரி முழுக்க ரூட்டுக்குச் சொந்தம், சர்வர் எந்த யூசராக ஓடுகிறதோ அவருக்கு அதில் படிக்கும் உரிமை மட்டும். டேட்டாவும் லாக்கும் மட்டும் அந்த யூசருடையது. கான்ஃபிக் ரூட்டுடையது, பாஸ்வேர்ட் உள்ள கோப்பு என்றால் க்ரூப் மூலம் படிக்கவிட்டு 640 பெர்மிஷன். இதற்குக் காரணம் எளிது: சர்வரில் ஓட்டை கண்டுபிடித்து உள்ளே வருகிறவன் அந்த யூசராகத்தான் வருகிறான், அவனால் புரோகிராமையே மாற்றி எழுத முடிந்தால் ரீபூட் செய்தாலும் அவன் போகமாட்டான். டார்பாலைப் பிரித்தவுடன் முழு டைரக்டரிக்கும் சர்வீஸ் யூசரின் பெயரில் சௌன் (ஓனரை மாற்றும் கட்டளை) அடிக்கச் சொல்லும் வழிகாட்டிகள் ஏராளம். அடிக்காதீர்கள். பிரவுசரிலிருந்தே தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும் வெப் அப்ளிகேஷன்களுக்கு வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், மற்றவற்றுக்கு வேண்டாம்.

செலினக்ஸ் (லேபிள் பார்த்து அனுமதி தரும் கூடுதல் காவல்) ஓடும் மெஷினில் பெர்மிஷன் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால், பெரும்பாலும் பாதைதான் காரணம். கோப்பின் லேபிள் அது எந்த டைரக்டரியில் உருவானது என்பதைப் பொறுத்து அமையும், எம்வி கட்டளையால் நகர்த்தினால் பழைய லேபிளோடேயே வரும். வழக்கமில்லாத இடத்தில் வைத்தீர்கள் என்றால் செமேனேஜ் மூலம் அந்தப் பாதைக்கு உரிய லேபிளைப் பதிந்து, ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள். செலினக்ஸையே அணைத்துவிடு என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், பத்து நிமிஷ வேலைதான். உபுன்டுவில் ஆப்ஆர்மர் என்ற வேறு காவலாளி. மைஎஸ்கியூஎல் தன் டேட்டாவை /வார்/லிப் கீழே உள்ள வழக்கமான இடத்தில் மட்டுமே தொடலாம் என்று அதன் ப்ரொஃபைலில் எழுதியிருக்கும். டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தினால் /ஈடிசி/ஆப்ஆர்மர்.டி/லோக்கல் கீழே உள்ள கோப்பில் புதுப் பாதையையும் சேர்க்கவேண்டும்.

லினக்ஸ் இல்லாத ஊர்களில்

ஃப்ரீபிஎஸ்டியில் இந்த விவாதமே பாதி இல்லை. அடிப்படைச் சிஸ்டம் /யுஎஸ்ஆர், பேக்கேஜ் அல்லது போர்ட் மூலம் வருவதெல்லாம் /யுஎஸ்ஆர்/லோக்கல், கான்ஃபிக்கும் /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி, ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டுகள் அதன் கீழே ஆர்சி.டி. கோடு அவ்வளவு தெளிவு. ஆனால் லினக்ஸ் பழக்கத்தில் நீங்கள் கையால் கம்பைல் செய்ததையும் /யுஎஸ்ஆர்/லோக்கலில் வைத்தால், அங்கே அது பேக்கேஜ் மேனேஜரின் வீடு என்பதால் மேலே சொன்ன மோதல் அப்படியே நடக்கும். அங்கே உங்கள் சொந்தச் சரக்குக்கு /ஆப்ட் என்று ஒன்றை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. நெட்பிஎஸ்டியின் பேக்கேஜ்கள் /யுஎஸ்ஆர்/பிகேஜி கீழே போகும். மேக்கில் ஹோம்ப்ரூ, இன்டெல் மெஷினில் /யுஎஸ்ஆர்/லோக்கல், ஆப்பிளின் சொந்த சிப் உள்ளதில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ, அதனால் பாதையை ஸ்கிரிப்டில் நேரடியாக எழுதிவைத்தால் ஒன்றில் ஓடும், மற்றதில் ஓடாது. லினக்ஸ்தான் என்றாலும் ஃபெடோரா கோர்ஓஎஸ் போன்றவற்றில் /யுஎஸ்ஆர் படிக்க மட்டும்தான், ஆனால் /ஆப்ட், /யுஎஸ்ஆர்/லோக்கல் இரண்டும் /வார் உள்ளே சிம்லிங்க் ஆகியிருப்பதால் எழுத முடியும்.

கன்டெய்னரில் ஓட்டுகிறேன், எனக்கு இதெல்லாம் எதற்கு என்றால், புரோகிராம் பக்கம் உண்மைதான், உள்ளே எங்கே இருந்தால் என்ன. டேட்டா வால்யூம் ஹோஸ்ட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி மட்டும் போகாது. டாக்கர் அதை /வார்/லிப்/டாக்கர் கீழே வைக்கும், அந்த /வார் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே தப்பான இடத்தில் இருந்தால்

புரோகிராமை நகர்த்தவேண்டாம், சரியான இடத்தில் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். நகர்த்தவேண்டியது டேட்டாவை மட்டும். சர்வீஸ் ஓடும்போதே ஆர்சிங்க் மூலம் ஒரு சுற்று காப்பி எடுத்துவைத்தால் பெரும்பகுதி போய்விடும், பிறகு சர்வீஸை நிறுத்தி இன்னொரு சுற்று ஓட்டினால் மாறியது மட்டும் வரும், நிறுத்தும் நேரம் குறையும். இரண்டாவது சுற்றில், பழைய இடத்தில் அழிந்துபோன கோப்புகளைப் புது இடத்திலும் அழிக்கும் ஆப்ஷனைப் போட மறக்காதீர்கள், முதல் சுற்றில் வந்த காப்பியை மட்டும் நம்பி டேட்டாபேஸை ஓட்டவே கூடாது. ஓனர், பெர்மிஷன், ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), எக்ஸ்டெண்டட் ஆட்ரிப்யூட் எல்லாம் சேர்ந்து வரும் ஆப்ஷன்களோடு எடுங்கள். பழையதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவையுங்கள், பெயர் மாறியதும் ஏதாவது ஒன்று அழ ஆரம்பித்தால் இன்னும் யாரோ பழைய பாதையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கான்ஃபிக்கில் பாதையை மாற்றுவதற்குப் பதிலாகப் பழைய இடத்தில் சிம்லிங்க் வைத்தால் ஆப்ஆர்மர் ஏமாறாது, அது கடைசியில் போய்ச்சேரும் உண்மைப் பாதையைத்தான் பார்க்கும். பைண்ட் மவுன்ட் (ஒரு டைரக்டரியையே இன்னொரு இடத்திலும் மவுன்ட் செய்வது) போட்டால் பாதை பழையதாகவே இருக்கும், அதனால் அது ஒத்துக்கொள்ளும்.

டேட்டாவுக்கென்று தனி டிஸ்க் மவுன்ட் செய்தீர்கள் என்றால் மவுன்ட் ஆகும் டைரக்டரியையே டேட்டா டைரக்டரியாகக் கொடுக்காமல் அதன் உள்ளே ஒரு சப்-டைரக்டரி போட்டு அதைக் கொடுங்கள். இஎக்ஸ்டி4 டிஸ்க்கின் உச்சியில் லாஸ்ட்+ஃபவுண்ட் கிடக்கும், போஸ்ட்கிரெஸில் புது டேட்டாபேஸை உருவாக்கும் இனிட்டிபி, டைரக்டரி காலியாக இல்லை என்று முறுக்கிக்கொள்ளும். அதைவிட முக்கியம், ஒருநாள் டிஸ்க் மவுன்ட் ஆகாமல் போனால் அந்தச் சப்-டைரக்டரியே இருக்காது, சர்வர் கிளம்பாமல் நின்றுவிடும். இப்படிச் செய்யாவிட்டால் சர்வர் ரூட் டிஸ்க்கில் காலி டைரக்டரியைப் பார்த்து, புது மெஷின்போல என்று நினைத்து, புதிதாக டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி ஓட ஆரம்பித்துவிடலாம். சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் ரிக்கொயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார் என்ற வரியில் அந்தப் பாதையைச் சேர்த்துவிட்டு, ஒருமுறை மெஷினை ரீபூட் செய்து, நீங்கள் எதையும் தொடாமல் சர்வர் தானாக எழுந்து சரியான டிஸ்க்கில் எழுதுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பழைய காப்பியை அழியுங்கள்.